வீராணம் கரைக்கு கேரவனா, கூடாரமா, லாட்ஜா, ஈகோவா? நாலும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் 29 வருஷம் டிரைவர். அதில் பாதிக்கு மேல் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு வழித்தடங்கள்தான். வீராணம் ஏரிக்கரை மேலேயே போகிறதே ஒரு ரோடு, லால்பேட்டையிலிருந்து, அதில் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டியிருப்பார் என்று கணக்கே கிடையாது. ஒரு நாள்கூட வண்டியை ஓரங்கட்டி இறங்கி அந்தத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். "ஏம்மா, ஒரு தடவை நாம அங்க போய் சும்மா உக்காந்துட்டு வரலாமா?"

எனக்கும் ஆசைதான். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம்தான் பிறந்த ஊர். எட்டு வயசில் அப்பா மூங்கில் கழியில் தங்கூசி நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாகப் போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகிக் கடலூர் வந்து, பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள் என்று ஓடியதில் முப்பது வருஷம் தூண்டிலைத் தொடவேயில்லை. ஆக இந்தக் குடும்பத்தில் வண்டி அவருடையது, தூண்டில் என்னுடையது.

சும்மா உட்கார்ந்து வரலாம் என்று ஆரம்பித்தது, கரையோரம் வண்டியில் படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, மூன்று நாள் நாலு நாள் இருந்து வரலாம் என்று வளர்ந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் வாடகை கேரவன், கூடாரம், லாட்ஜ், அப்புறம் எங்கள் மாருதி ஈகோ வேன் என்று நாலு விதமாகப் போய்ப் பார்த்துவிட்டோம். கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு போன் போட்டு எது நல்லது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முப்பது வயசுப் பிள்ளைகளுக்குச் சரிப்படுவது எங்களுக்குச் சரிப்படாது. அவருக்கு 64, எனக்கு 61. அவர் ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருப்பார். எனக்கு முழங்கால் வலி, இன்சுலின் வேறு. வருமானம் ஓய்வூதியம் மட்டும். ஒரு வண்டியைப் பற்றி யார் புகழ்ந்து சொன்னாலும் நான் கேட்பது இரண்டே கேள்விதான்: தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்தலாம், ராத்திரி மூணு மணிக்கு கக்கூஸ் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது.

சரி, கேரவன். இதில்தான் எங்களுக்கு ஆசையும் அதிகம், செலவும் அதிகம். வேனின் பின்பக்கத்தை வீடு மாதிரி செய்திருந்தார்கள். கட்டில், சின்ன சமையல் மேடை, பிரிட்ஜ், கக்கூஸ், ஏ.சி. என எல்லாம் இருந்தது. இரண்டு இரவு மூன்று பகலுக்கு 41,000 ரூபாய், டிரைவர் பேட்டா தனி. நாமே ஓட்ட முடியாது, டிரைவரோடுதான் தருவோம் என்றார்கள். 29 வருஷம் பஸ் ஓட்டியவரைப் பின்னால் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், ஆனாலும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்பது பெரிய சுகம். புடவை மாற்ற, முகம் கழுவ, டீ போட எல்லாமே நின்ற வாக்கில் முடிந்துவிடும், என் முழங்காலுக்கு அதுவே போதும். கக்கூஸ் நாலடி தூரத்தில். இந்த இரண்டுக்காகவே கேரவனுக்கு முழு மதிப்பெண் போடலாம் என்று முதல் நாள் மத்தியானம் வரை நினைத்தேன்.

அப்புறம் கரைக்குப் போனோம். பஸ் போகிற ரோடுதானே, வண்டி போவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. நிறுத்துவதுதான் சிக்கல். ஆறரை அடி அகலத்துக்கு ஒரு வண்டியைக் கரையில் ஓரங்கட்டினால் எதிரெதிரே இரண்டு பஸ் ஒதுங்க இடமிருக்காது. "இங்க ஒருத்தன் இப்படி நிறுத்தியிருந்தா நான் எவ்வளவு திட்டியிருப்பேன்" என்று சொல்லி இவரே வேண்டாம் என்றுவிட்டார். கரையிலிருந்து வயல் பக்கம் இறங்குகிற மண்பாதையில் அவ்வளவு கனமான வண்டியை இறக்க டிரைவர் தம்பிக்குப் பயம், அது நியாயமான பயம். என் சித்தப்பா மகன் தோப்பில் நிறுத்தலாம் என்று ஊருக்குள் திரும்பினால், தெருவில் தொங்கிய கரண்டு கம்பி மேலே இருந்த ஏ.சி. பெட்டிக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது. கீழே இறங்கிக் கை காட்டிப் பின்னால் எடுத்தோம். கடைசியில் தண்ணீரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், மெயின் ரோட்டு ஓட்டல் ஒன்றின் லாரி நிறுத்தத்தில்தான் இரண்டு ராத்திரியும் கழிந்தது. தூண்டில் போட மறுபடி ஆட்டோ பிடித்துக் கரைக்கு வந்தோம்!

ஏ.சி. கதையையும் சொல்கிறேன், இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த வண்டியில் இருந்தது 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட் மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அது சீக்கிரம் கெடும் என்பதால் நமக்குக் கிடைப்பது 900 தான். வீட்டில் ஓடுகிற ஒரு டன் ஏ.சி. சுமாராக 1,000 வாட் இழுக்கும். ஆக ஒரு மணி நேரம்கூட வராது. வெளியிலிருந்து கரண்டு எடுத்தால்தான், இல்லை ஜெனரேட்டர் ஓடினால்தான் ராத்திரி முழுக்க ஏ.சி. வாடகைக்குக் கொடுத்தவர்கள் "ஏ.சி. உண்டு" என்றார்கள், எவ்வளவு நேரம் என்று நாங்கள் கேட்கவில்லை. பத்தரை மணிக்கு நின்றது. நீங்கள் எடுப்பதாக இருந்தால் பேட்டரி எத்தனை ஏ.ஹெச்., வெளிக் கரண்டுக்கு வயர் இருக்கிறதா, டிரைவர் எங்கே படுப்பார் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். எங்கள் டிரைவர் தம்பி முன் சீட்டில் சுருண்டு படுத்திருந்தான், அதைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேரவனே கூடாது என்று சொல்லவில்லை. கேரளாவில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்து, அடுத்த வருஷம் வாகமண்ணில் கேரவன் நிறுத்தும் பூங்காவும் திறந்தார்கள். அப்படிக் கரண்டு, தண்ணீர், கழிவு இறக்க வசதி எல்லாம் உள்ள இடத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். நம் பக்கத்து ஏரிக்கரைக்கு அது பொருந்தாத வண்டி, அவ்வளவுதான்.

சொந்தமாக ஒரு டெம்போ டிராவலர் வாங்கிக் கேரவனாக மாற்றலாமா என்றும் இவர் யோசித்தார். பி.எஃப். பணம் கையில் இருந்த நேரம். எங்களுக்குச் சொன்ன மதிப்பீடு 24 லட்சம். பணத்தைவிடப் பெரிய விஷயம் சட்டம். வண்டியை அப்படி இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஒப்புதல் வேண்டும். கேரவன் வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரவரையறையே இருக்கிறது. பட்டறையில் கட்டில் அடித்து, கேஸ் குழாய் ஓட்டி, ஒப்புதல் இல்லாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வருஷத்தில் இருபது நாள் ஓடப்போகிற வண்டிக்கு இது தேவையா? விட்டுவிட்டோம்.

கூடாரம் ஒரே ராத்திரி. மார்கழிப் பனியில் துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, தரையிலிருந்து எழுந்திருக்க எனக்கு அவர் கை கொடுக்க, அவருக்கு நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. வயல் வரப்பில் பாம்பு இருக்கும் என்பதை ஊர்க்காரியான எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூடாரத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டோம்.

உண்மையான போட்டி லாட்ஜுக்கும் ஈகோவுக்கும்தான்.

லாட்ஜைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிதம்பரத்தில் ஒரு ராத்திரிக்கு 1,600 ரூபாய் கொடுத்தோம். மேலைநாட்டுக் கக்கூஸ், வெந்நீர், மின்விசிறி, பூட்டுப் போட்ட கதவு எல்லாம் உண்டு. சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு, கொத்சு தொட்டு இட்லி சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினோம். உடம்பு சரியில்லாதவர்கள், ராத்திரி ஆக்சிஜன் கருவி மாதிரி எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள், வேறெதையும் யோசிக்காமல் லாட்ஜ் எடுங்கள், பகலில் மட்டும் கரைக்குப் போங்கள்.

ஆனால் மீனுக்கு ஒரு நேரம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முந்தின இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தின இரண்டு மணி நேரமும்தான் கடிக்கும், நடுவில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் இருபத்தைந்து கிலோமீட்டர். அஞ்சரைக்குக் கரையில் இருக்க வேண்டுமானால் நாலரைக்கு எழுந்து, ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு நாள் செய்தோம், மறுநாள் முடியவில்லை. இன்னொன்று, பிடித்த மீனை லாட்ஜில் என்ன செய்வது? முதல் நாள் எனக்கு முப்பது வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த ஏழு ஜிலேபி கெண்டையையும் பக்கத்து டீக்கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவங்க சந்தோஷமாக வாங்கிக்கிட்டாங்க, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இனி ஈகோ. பழைய வண்டிதான், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வாங்கினோம். மொத்த அகலமே ஐந்தடிக்குள் என்பதால் கரையிலிருந்து இறங்குகிற மண்பாதையிலும் தோப்பு நிழலிலும் தாராளமாக நிற்கிறது. எனக்கு அந்த ஒன்றே போதும். இறங்கி இருபதடி நடந்தால் தண்ணீர்.

வண்டியில் துளை போடவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. பின் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு துண்டாகச் செய்த மரக்கட்டிலைத் தூக்கி வைக்கிறோம். திரும்பி வந்ததும் சீட்டை மாட்டிவிடுகிறார். நிரந்தரமாக இருக்கையை எடுப்பதாக இருந்தால் பதிவுச் சான்றில் திருத்த வேண்டிவரும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டிலுக்கும் இலவம்பஞ்சு மெத்தைக்கும் சேர்த்து 9,500 ரூபாய் ஆனது. கட்டிலுக்கு அடியில் அரிசி, பாத்திரம், ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர், இரண்டு தண்ணீர் கேன், என் தூண்டில் பெட்டி எல்லாம் அடங்கிவிடுகிறது. இதே மாதிரி செய்ய நினைத்து, விலை மலிவென்று கார்கோ வண்டியை வாங்கிவிடாதீர்கள், அது சரக்கு ஏற்றப் பதிவான வண்டி, பின்னால் ஆள் படுத்துப் போக முடியாது.

ஏ.சி. இல்லை. பழைய கொசுவலையை வெட்டி ஜன்னல் அளவுக்குத் தைத்து, ஓரத்தில் காந்தத் துண்டு வைத்திருக்கிறேன். பத்து வாட் 12 வோல்ட் ஃபேன் இரண்டு, தனியாக ஒரு சின்ன பேட்டரி, ராத்திரி முழுக்க ஓடுகிறது. தை, மாசியில் விடிகாலை போர்வை கேட்கும், ஃபேனையே நிறுத்திவிடுவோம். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குகிற பழக்கம் மட்டும் எந்த வண்டியிலும் வேண்டாம், புகை உள்ளே வந்தால் வாசனை தெரியாமலே உயிர் போய்விடும். அடுப்பும் எப்போதும் வெளியேதான்.

இன்சுலினைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மூன்று நாலு நாள் பயணத்துக்கு அதை நான் எடுத்துப் போவதே இல்லை. உபயோகத்தில் இருக்கிற பேனா 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் சுமார் ஒரு மாதம் தாங்கும், உங்கள் மருந்தின் பெட்டியில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்பெட்டியில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் வீணாகிவிடும். நான் பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னக் கலயம் வைத்து, அதில் பேனாவை டப்பாவோடு போட்டு, மேலே ஈரத்துணி மூடி, நிழலில் வைக்கிறேன். கூடவே ஒரு சின்ன வெப்பமானியும் போட்டு வைத்தேன், நாங்கள் போன தை மாதத்தில் நடுமத்தியானத்திலும் 26-ஐத் தாண்டவில்லை.

ஈகோவின் குறை கக்கூஸ் இல்லாததுதான், அதை மறைக்க விரும்பவில்லை. இதற்கு எங்களுக்குக் கிடைத்த வழி கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் ஏரிக்கரை ஊர் மண்டபங்கள் சும்மாதான் கிடக்கின்றன. மேனேஜரிடம் போய், "நாங்க ரெண்டு பேர், வண்டியிலேயே படுத்துக்கிறோம், கேட்டுக்குள்ள நிறுத்திக்கிறோம், பாத்ரூம் சாவி மட்டும் வேணும்" என்று கேட்டோம். ராத்திரிக்கு 600 ரூபாய். விளக்கு, தண்ணீர், வாட்ச்மேன், பதினைந்து அடியில் கக்கூஸ். பகலெல்லாம் கரையில், இருட்டினதும் மண்டபத்தில். கரையிலேயே ராத்திரி தங்கினால்தானே கேம்பிங் என்று என் மகன் சொல்கிறான், அவனுக்கு வயசு 33. ஆளரவமில்லாத இடத்தில் இரண்டு வயசானவர்கள் தனியாக ராத்திரி நிற்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன்.

செலவுக் கணக்கு: கடைசியாகப் போன மூன்று நாளில் 240 கிலோமீட்டர், பெட்ரோல் 1,650-க்குள், மண்டபம் இரண்டு ராத்திரி 1,200, அரிசி காய்கறி 900. லாட்ஜ் பயணம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. கேரவனை நான் சேர்க்கவே இல்லை.

எந்த வண்டியானாலும் மீன் பிடிக்கப் போகிற இடத்தை முதலில் முடிவு பண்ணுங்கள். ஏரி, குளம் பெரும்பாலும் மீன்பாசி குத்தகையில் இருக்கும், அதாவது மீன் பிடிக்கிற உரிமையை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருப்பார். கரையில் இருப்பவர்களிடம் யார் குத்தகை என்று கேட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூண்டில் போடுங்கள். ஒற்றைத் தூண்டிலோடு வந்த கிழவியை யாரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை, எந்தப் பக்கம் ஆழம் என்றுகூடச் சொல்லித் தந்தார்கள். புதுச்சேரி ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் காப்புக்காடு, 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் வந்துவிட்டது. அங்கெல்லாம் பார்க்கப் போங்கள், தூண்டிலை வண்டியிலேயே வையுங்கள். பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்தில் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் இறால் துண்டு கோத்துப் போட்டால் கிழங்கான் நன்றாக எடுக்கும். பழைய கொள்ளிடம் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் முதலை ஆட்களைக் கடித்த சம்பவங்கள் உண்டு. பொழுது சாய்ந்தபின் அந்தக் கரையில் பாத்திரம்கூடக் கழுவாதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை எனக்குத் தை, மாசிதான். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் யாரும் வண்டியில் படுக்கக் கிளம்பாதீர்கள். 2024 ஃபெங்கல் புயலில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது, தென்பெண்ணைக் கரையில் ராத்திரியோடு ராத்திரியாக என்ன நடந்தது என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் வண்டிக்குள் இருக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரையிலிருந்து தூண்டில் போடுவதற்கு அந்தத் தடை கிடையாது, ஆனாலும் அந்த வெயில் எங்களுக்கு ஆகாது. வீராணத்தின் முழு நீர்மட்டம் 47.5 அடி, மழை முடிந்து ஏரி அதை ஒட்டி நிற்கிற மாதங்களில் கரையில் உட்காருவதே தனி சுகம். பராந்தக சோழன் மகன் இராசாதித்தன் வெட்டிய ஏரி, ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் வயலுக்கும் சென்னைக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

போன தையில் கடைசி நாள் காலையில் ஒரு கெளுத்தி மாட்டியது. மஞ்சள் வயிறு, இரண்டு பக்கமும் முதுகிலும் முள்ளை விறைத்துக்கொண்டு க்ரீச் க்ரீச் என்று சத்தம் போட்டது. அந்த மூன்று முள்ளும் குத்தினால் கை கடுகடுவென்று கடுக்கும், பொறுக்கிற சூட்டு வெந்நீரில் கையை வைத்திருந்தால்தான் வலி இறங்கும். எனக்குச் சர்க்கரை இருப்பதால் இவர் என்னைத் தொடவே விடவில்லை. ஈரத்துணியைச் சுற்றி, முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடித்து, தூண்டில் முள்ளை அவரே கழற்றினார், நான் சொல்லச் சொல்ல. வண்டி நிழலில் அம்மியில்லாமல் பொடி போட்டுத்தான் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காட்டுமன்னார்கோயில் பஸ் ஒன்று மேலே கரையில் போனது. டிரைவர் இவரை அடையாளம் கண்டு ஆரன் அடித்தார், இவர் குழம்புக் கையைத் தூக்கி ஆட்டினார்.

இந்தத் தைக்கு நாலு நாளாகப் போகலாம் என்றிருக்கிறோம், மூன்றாவது ராத்திரி மட்டும் சிதம்பரம் லாட்ஜ், வெந்நீர்க் குளியலுக்காக. அவருடைய லைசென்ஸ் மாசியில் முடிகிறது. இந்த வயசில் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள், டாக்டர் சான்றும் வேண்டும், அதனால் கிளம்புவதற்கு முன்பே கண் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டோம்.